நிரம்பாத குழி

எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் கழிவுநீர் வண்டி வந்து நின்றால், அந்த வீட்டுக்காரி மறுநாள் தலையைக் குனிந்துகொண்டுதான் கடைக்குப் போவாள். நாற்றத்துக்காக இல்லை. வீட்டுக்கு வீடு பன்றி வளர்க்கிற ஊரில் நாற்றத்துக்கு யார் முகம் சுளிக்கப் போகிறார்கள்? கழிவுக்குழி நிரம்பிவிட்டது என்றால் மண் தண்ணீரைக் குடிக்கவில்லை, மண் சரியில்லை என்று அர்த்தம். மண் சரியில்லாத வீட்டில் வேறு எதெல்லாம் சரியில்லை என்று பேச எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன்.

அந்த வண்டியை முப்பது வருடம் ஓட்டியவன் என் கொழுந்தன் விதோமிர். என் வீட்டுக்காரர் கிலிஷாவின் ஒரே தம்பி. அவனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய மனிதன் இல்லை. ஊர்க் கழிவை உறிஞ்சிக்கொண்டு போய்க் கொட்டியவன், அவ்வளவுதான்.

ஊர் டான்யூப் ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது. மேலே முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு மண். அதற்குக் கீழே தோண்டத் தோண்ட மஞ்சள் மண்தான், ஒரு கூழாங்கல்கூடக் கிடைக்காது. காய்ந்திருக்கும்வரை அந்த மண்ணைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தினாலும் சரியாது. அதையே பலகைகளுக்கு நடுவில் கொட்டி இடித்துத்தான் எங்கள் வீடுகளைக் கட்டினார்கள். எங்கள் வீட்டுச் சுவருக்கு நூற்றிருபது வயது. நனைந்தால் மட்டும் அந்த மண் காப்பியில் போட்ட சர்க்கரைக் கட்டி மாதிரி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். இது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்பதால் கூரையை நீட்டி இறக்கினோம், சுவரோரம் மழைத்தண்ணீர் தேங்காமல் ஓட வழி செய்தோம். மேலேயிருந்து வரும் தண்ணீருக்குத்தான் பயந்தோம்.

எழுபத்தொன்பதில் குழாய்த் தண்ணீர் வந்தது. அதுவரை ஒவ்வொரு முற்றத்திலும் செங்கல் கட்டிய கிணறு ஒன்று இருந்தது. இனி அது எதற்கு? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது. ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது, ஏற்கெனவே செங்கல் கட்டியாகிவிட்டது, கழிவுக்குழிக்கு என்று இன்னொன்றை யார் தோண்டுவது? வீட்டின் பின்பக்கம் புதிதாக ஒரு குளியலறையை ஒட்டவைத்து, அதன் குழாயைக் கிணற்றுக்குள் விட்டு, மேலே கான்கிரீட் மூடி போட்டார்கள். மூடுவதற்கு முன்னால் யாராவது உள்ளே இறங்கி அடியில் கிடக்கிற சேற்றை அள்ள வேண்டும். விதோமிர் அப்போதுதான் ராணுவப் பயிற்சி முடிந்து திரும்பியிருந்தான். இருபத்திரண்டு வயது, ஒல்லி. என் மாமனார் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி முதலில் எங்கள் கிணற்றில் இறக்கினார். இரண்டு நாள் உள்ளேயே இருந்தான். அப்புறம் பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள். கூலி ஒரு வேளைச் சாப்பாடும் ஒரு பாட்டில் பிளம் சாராயமும். அந்தக் கோடையில் தெருவில் பதினைந்து கிணறுகளில் இறங்கினான்.

அந்தப் பதினைந்தில் ஒன்றுகூட நிரம்பவில்லை. ஐந்து வருடம், பத்து வருடம், இருபது வருடம். எங்கள் மண் நல்ல மண் என்று திருமண விருந்துகளில்கூடப் பேசிக்கொண்டோம்.

விதோமிர் பிறகு கடன் வாங்கி ஒரு பழைய டிராக்டரும் டேங்கரும் வாங்கினான். பள்ளத்தில் புதிதாக முளைத்த குடியிருப்புக்காரர்கள்தான் அவனுக்கு வாடிக்கை. அவர்களிடம் கிணறு இல்லை, கான்கிரீட் தொட்டி. சோர்கா என்று ஒருத்தியைக் கட்டினான். நான்கு வருடம் அவனோடு இருந்தாள். ஒரு வசந்தத்தில் வீட்டு வேலைக்கென்று வியென்னா போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். நாற்றம் தாங்காமல் ஓடிவிட்டாள் என்று ஊர் சொன்னது. அவனிடம் நாற்றமே வராது. தினமும் வினிகர் போட்டுத் தேய்த்துக் குளிப்பான். எங்கள் வீட்டு விருந்தில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தால், இரண்டு நாற்காலி தள்ளித்தான் மற்றவர்கள் உட்காருவார்கள். அவனும் அதைக் கவனிக்காதவன் மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போவான்.

ஊர் சிரிப்பதற்கு அவன் வீடே போதும். சுவரிலிருந்து பத்தடி தூரத்துக்கு ஒரு பூச்செடி கிடையாது, வெறும் தரை. கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தெருக்கோடிவரை கொண்டுபோய் விட்டிருந்தான். கிணற்றை மண் போட்டு மூடிவிட்டு, தன் கழிவுக்கு அடிப்பாகம் பூசிய தொட்டி கட்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தன் வண்டியைத் தன் வாசலிலேயே நிறுத்தி உறிஞ்சுவான். “ஊர்ல அவனுக்கு ஒழுங்கா வேலை குடுக்குற ஒரே ஆளு அவன்தான்” என்பார் பக்கத்து வீட்டு தொதோர். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

என் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிணற்றுக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த துண்டு நிலத்தில் நான் குடமிளகாய் போடுவேன். தெருவில் எவள் தோட்டத்திலும் அப்படிக் காய்த்ததில்லை. ஆகஸ்டில் மற்றவர்கள் செடியெல்லாம் துவண்டு கிடக்கும்போது என்னுடையது கறுகறுவென்று நிற்கும். தண்ணீரே ஊற்ற மாட்டேன். கைராசி என்று சொல்லிக்கொள்வேன். 2010-இல் பெய்த பெருமழைக்குப் பிறகு அந்தப் பச்சை வருடத்துக்கு ஒரு முழம் வீட்டுப் பக்கம் நகர்ந்தது. எனக்கு இன்னும் ஒரு வரிசை போட இடம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் விதோமிர் வந்து அந்த வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அண்ணி, தண்ணி வீட்டப் பாத்து நடக்குது.”

“என் மிளகா மேல கண்ணு வைக்காத விதோ. வேணும்னா ரெண்டு கிலோ பறிச்சுக்கிட்டுப் போ.”

“மிளகா நல்லாத்தான் இருக்கு. அதுதான் பயமா இருக்கு.”

குளியலறை மூலையில் சுவர் வெடித்திருந்ததையும் அவன்தான் காட்டினான். எங்களுக்கு வெடிப்பு புதிதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் மஞ்சள் மண்ணில் பதரும் குதிரைச் சாணமும் பிசைந்து அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்துவிடுவோம். அந்த வெடிப்பு மட்டும் அடுத்த வசந்தம்வரைகூடத் தாங்காமல் மறுபடி வாயைத் திறந்தது. 2012 மே மாதம் அவன் கிலிஷாவிடம் நேரடியாகவே பேசிவிட்டான். நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் தொதோர் கோழிக்கூண்டு சரிசெய்துகொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு நாள் வேலை. மூடியத் தூக்கிட்டு, லைட்ட உள்ள விட்டுப் பாத்துடலாம்.”

“கிணத்துக்கு என்னடா நோவு? முப்பத்திமூணு வருஷமா எதுத்து ஒரு வார்த்தை பேசாம குடிக்குது. இந்த வீட்ல அப்படி வேற யாரு இருக்கா சொல்லு.” கிலிஷா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“குடிக்குறதுதான் பிரச்சினை. குடிச்ச தண்ணி எங்க போகுது?”

வேலிக்கு மேல் தொதோரின் தலை எழும்பியது. “என்ன விதோ, வியாபாரம் படுத்துடுச்சா? அண்ணன் வாசல்ல ஒரு தடவ வண்டிய நிறுத்திட்டா தெருவே பயந்து கூப்பிடும்னு பாக்குறியா?”

“உங்க வீட்டுக்கும் சேத்துதான் சொல்றேன் தொதோர்.”

“என் குழி எனக்கு முன்னாடி நிரம்பாது. நான் போனப்புறம் வந்து என் மகன்கிட்ட கேளு.”

கிலிஷா சிரித்து முடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். அவர் முரடர், ஆனால் மடையர் இல்லை. “சரி, சொல்லு. உனக்கு எப்படித் தெரியும்? இந்தத் தெருவுல எந்த வீடாவது விழுந்துருக்கா? நீ என்ன மண்ணுக்குள்ள புகுந்து பாத்தியா?”

விதோமிர் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். “தெரியும்ண்ணே” என்றான்.

“தெரியும்னா ஆச்சா? போடா, போய் வேலையப் பாரு.”

அவன் போகவில்லை. உடைந்த ஜன்னல் கண்ணாடியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சில்லு எடுத்து, அதை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் ஜிப்சம் குழைத்து ஒட்டினான். பென்சிலால் பக்கத்தில் தேதி எழுதினான். இது உடைந்தால் வீடு இறங்குகிறது, உடையாவிட்டால் நான் முட்டாள், இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்றான். கிலிஷா ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. அதுவரை அவன் எங்கள் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது.

ஆக, அந்த வீடு நிற்குமா போகுமா என்பது ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் நின்றது. அதைத் தினமும் பார்த்தவள் நான்தான்.

நவம்பரில் எங்கள் குடும்பத்தின் காவல் புனிதரான திமித்ரியின் நாள். வருடத்தில் அந்த ஒருநாள் யாரையும் அழைக்க மாட்டோம், எல்லோரும் தானாக வருவார்கள். மூன்று நாள் சமையல், பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டுவார். அதற்கு முந்தைய வாரம் சுண்ணாம்பு அடிக்கப் பின்பக்கம் போனேன். சில்லு குறுக்கே இரண்டாக உடைந்திருந்தது. தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சொன்னால் சண்டை வரும். விருந்தாளிகள் முன்னால் அண்ணனும் தம்பியும் கத்திக்கொள்வார்கள், வண்டி வாசலுக்கு வரும், தெரு பார்க்கும். விருந்து முடியட்டும் என்று நினைத்து, சில்லைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடித்தேன். தேதியும் அதோடு மறைந்தது.

விருந்து முடிந்தது. நான் சொல்லவில்லை. குளிர்காலத்தில் ரொட்டிக் கடையில் விதோமிர் கேட்டான், “கண்ணாடி எப்படி இருக்கு அண்ணி?”

“அப்படியே இருக்கு” என்றேன்.

அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. உண்மையான நிம்மதி. அதைப் பார்த்துவிட்டு நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை மதியம், குளிர்காலத்துக்கு அய்வார் என்கிற குடமிளகாய் மசியல் கிண்ட முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தோம். நான் அடுப்பில் திருப்பிப் போட, கிலிஷா தோல் உரித்துக்கொண்டிருந்தார். கை முழுவதும் கரி. கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போனார். உள்ளே துணி துவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாவு மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பெரிய சத்தம்கூட இல்லை. ஜன்னல் வழியாக மஞ்சள் தூசி வந்தது. மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது.

அடுப்பில் கிடந்த மிளகாய் கருகிவிடும் என்று அதைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் எழுந்து போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

குளியலறைத் தளம் அங்கே இல்லை. தளத்துக்குக் கீழே ஒரு அறை அளவுக்கு வெற்றிடம் இருந்திருக்கிறது. எத்தனை வருடமாக அதன்மேல் நின்று குளித்தோமோ. அவர் விழுந்ததும் பின்சுவர் அவர்மேல் உட்கார்ந்துவிட்டது. விதோமிர் வந்தான், தீயணைப்புக்காரர்களை ஒதுங்கச் சொன்னான், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். ஐம்பத்தாறு வயதில் கையாலேயே தோண்டினான். நாலு மணிக்குக் கிலிஷாவை மேலே கொண்டுவந்தார்கள். கண்ணிமை முடிவரை மஞ்சளாக இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. மரத்துவிட்டது என்பார்களே, அதுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி அவரை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்றைக்குவரை வரவில்லை.

யாரும் நுழையக் கூடாதென்று வீட்டைச் சுற்றி நாடா கட்டிவிட்டார்கள். நான் விதோமிர் வீட்டுக்குப் போனேன். துக்கத்துக்கு வந்த தெருக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். தளத்துக்குச் சிமெண்ட் குறைவு, கம்பி போடவில்லை, மெஷின் அதிர்வு. ஒருவர்கூடத் தன் வீட்டுக் கிணற்றை நினைக்கவில்லை. ஏழாம் நாள் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். எட்டாம் நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றேன். விதோமிர் மேசையில் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணி, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“எழுபத்தொம்பதுல கிணத்துக்குள்ள இறங்கினேன்ல. சேறு மட்டும் அள்ளல. ரெண்டு ஆள் ஆழத்துல செங்கலப் பிடுங்கினேன். வரிசை விட்டு வரிசை. தண்ணி அடியில தேங்காம, பக்கத்து மண்ணு குடிக்கட்டும்னு.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லல. என் சொந்த யோசனை. வீட்டுப் பக்கத்து மண்ணுதான் நல்லாக் காஞ்சிருந்துச்சு. கூரைக்குக் கீழ மழையே படாத மண்ணுல்ல. ஒரு குவளை தண்ணி ஊத்திப் பாத்தேன், சொர்ருனு இழுத்துச்சு. அதனால அந்தப் பக்கம்தான் நெறைய பிடுங்கினேன்.”

பால் பொங்க வந்தது. அடுப்பை அணைத்தேன்.

“உங்க அப்பாவுக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. வெளிய சொன்னா அடுத்தவன் இறங்கிப் பண்ணிடுவான், எனக்கு வேலை போயிடும்னு சொல்லல. அப்புறம் எல்லாரும் மண்ணு நல்ல மண்ணுன்னு பெருமை பேச ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?”

“உனக்கு எப்படித் தெரியும்னு உங்க அண்ணன் கேட்டாரே.”

“கேட்டாரு.”

“அப்ப சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு.”

“தெரியும் அண்ணி.”

கோபம் வர வேண்டும். கோபத்துக்கு நான் பேர்போனவள். காத்திருந்தேன், வரவில்லை. பாலை இரண்டு குவளையில் ஊற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

“கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு” என்றேன். “விருந்துக்கு முந்தின வாரமே. நான்தான் பிடுங்கிப் போட்டேன். கடையில நீ கேட்டப்ப பொய் சொன்னேன்.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“ரெண்டாவா, மூணாவா?”

“ரெண்டா. குறுக்கால.”

“அப்பவே ஒரு விரக்கடை எறங்கியிருக்கும்” என்றான். பால் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

“மிச்சக் கெணறுலயும் அப்படித்தான் பண்ணியா?”

“பதினாலுலயும். ரெண்டு வீட்ல இப்ப ஆளில்ல. பன்னெண்டு வீட்ல இன்னும் ஊத்திக்கிட்டிருக்காங்க.”

“அவங்ககிட்ட என்ன சொல்லப் போற?”

“போலீஸ்ல போய்ச் சொல்றதா, பஞ்சாயத்து ஆபீஸ்ல சொல்றதான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னா காலை உடைச்சுடுவாங்க.”

“எத்தனை நாளா யோசிக்கிற?”

“எட்டு நாளா.”

“எழுந்திரு” என்றேன். “காலை உடைச்சா உடைக்கட்டும்.”

கறுப்பு முக்காட்டைக் கட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் தெரு முனையில் திரும்பிவிடுவான், எனக்குத் தெரியும். என்னையும் நம்ப முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். முதல் வீடு தொதோருடையது. அவர் மனைவி ருமென்கா கதவைத் திறந்து என்னைக் கட்டிக்கொண்டாள். உட்கார வைத்தாள். கேட்காமலேயே காப்பி போடப் போனாள். அடுக்களையிலிருந்தே பேசினாள்.

“உன் வீட்டுக்காரரு நல்ல மனுஷன், தெசாங்கா. தளம் போடுறப்ப சிமெண்ட்ட மட்டும் குறைக்காம இருந்திருந்தா இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாருன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருக்காரு.”

விதோமிர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றான். அவள் தட்டில் மூன்று காப்பியோடு வந்தபோது சொல்லிவிட்டான். நிறுத்தாமல், தரையைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில். செங்கல், வரிசை, ரெண்டு ஆள் ஆழம்.

“எந்தப் பக்கம் பிடுங்கின?” என்று கேட்டாள் ருமென்கா.

“வீட்டுப் பக்கம்.”

“பாத்ரூம் இருக்குற பக்கமா?”

“ஆமா அக்கா. அங்கதான் மண்ணு காஞ்சிருந்துச்சு.”

அவள் தட்டை மேசையில் வைத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அப்போதுதான் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

“அவரு குளிச்சுக்கிட்டிருக்காரு” என்றாள்.